வீட்டுக்கு வரும் வேண்டாத தபால்: அறிகுறி வாரியாகத் தடுக்கும் வழிமுறை

மதுரையில் ஒரு வீட்டு வாசலுக்கு வந்து சேரும் காகிதத்தில் பெரும்பகுதி நாம் கேட்காமலே வருவது. ஆடித் தள்ளுபடி நோட்டீஸ், ஒத்தக்கடைக்கு அப்பால் மனை விற்கும் வண்ணத் தாள், எப்போதோ குடியிருந்தவருக்கு வங்கி அனுப்பிய கடிதம், சுவாமி படத்தோடு நன்கொடை கேட்கும் உறை என எல்லாம் ஒரே மேசையில் குவிவதால், எல்லாவற்றையும் ஒரே வழியில் நிறுத்திவிடலாம் என்று தோன்றும். அப்படி ஒரு வழி கிடையாது. தொலைபேசி விளம்பரங்களுக்கு 1909 என்ற எண்ணில் பதிந்து வைக்கிறோம் அல்லவா, அந்தப் பதிவு அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் மட்டுமே கட்டுப்படுத்தும். காகிதத்தில் வரும் விளம்பரத்துக்கு அது பொருந்தாது.

ஆகவே ஒவ்வொரு காகிதத்தையும் எடுத்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதை அனுப்பியவர் யார் என்பதல்ல, இதை வீட்டுக்குள் கொண்டுவந்த கை யாருடையது என்பதுதான். பேப்பர் போடுபவர், தபால்காரர், கூரியர் ஊழியர், கேட்டில் செருகிவிட்டுப் போகும் கூலியாள் ஆகிய நால்வரில் ஒருவர் வழியாகத்தான் எதுவும் வர முடியும். ஒவ்வொரு கையையும் நிறுத்தும் வழி வேறு.

உறையாக வந்திருந்தால் பிரிக்குமுன் இரண்டு இடங்களைப் பாருங்கள். வலது மேல் மூலையில் தபால்தலையோ அஞ்சல் துறையின் கட்டண முத்திரையோ இருந்தால் அது தபால்காரர் கொண்டுவந்தது. அங்கே ஒன்றுமில்லாமல் கோட்டுக்குறி (பார்கோடு) ஒட்டிய சீட்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் கூரியர். அடுத்து உறையின் பின்பக்கமோ இடது கீழ்ப்புறமோ, பொடி எழுத்தில், பட்டுவாடா ஆகாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி அச்சாகியிருக்கும். விளம்பர வாசகங்கள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், உங்களுக்குப் பயன்படப் போவது அந்தப் பொடி எழுத்துதான்.

எதையும் மறுக்குமுன்: கையொப்பம் கேட்கும் தபால்

பதிவுத் தபால் என்ற தனிச் சேவை 2025-இல் ஸ்பீடு போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. இதன் விளைவாக, வக்கீல் நோட்டீஸும் கடன் அட்டையும் பரிசுச் சீட்டும் பார்வைக்கு ஒரே மாதிரியான உறையில் வரக்கூடும். வேண்டாத தபாலைத் தொடர்ந்து மறுத்துப் பழகிய வீடுகளில், அனுப்புநர் பெயரைக்கூடப் படிக்காமல் "வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்" என்று சொல்லிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

சரியான முகவரிக்குப் பதிவு செய்து அனுப்பிய தபால் உரியவருக்குச் சேர்ந்ததாகவே சட்டம் அனுமானிக்கும். 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. "வாங்க மறுத்தார்" என்று தபால்காரர் எழுதித் திருப்பினாலும் நோட்டீஸ் சேர்ந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு. காசோலை திரும்பிய வழக்கில் நோட்டீஸ் பெற்ற நாளிலிருந்து 15 நாள்களுக்குள் பணம் கட்டினால் வழக்கே இல்லாமல் முடித்துவிடலாம். உறையை வாங்க மறுத்தவர் அந்த 15 நாளையும் இழந்துவிட்டு, நீதிமன்ற அழைப்பாணை வந்த பிறகுதான் விஷயத்தை அறிகிறார். எனவே கையொப்பம் கேட்கும் எந்தத் தபாலிலும் அனுப்புநர் முகவரியை முழுவதும் படியுங்கள். வக்கீல், நீதிமன்றம், அரசு அலுவலகம், கடன் வாங்கிய வங்கி ஆகிய பெயர்களில் எது இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் தபால் வருமானால், இந்த ஒரு விதியை அவர்களிடம் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

நாளிதழைப் பிரித்தால் நோட்டீஸ்கள் கொட்டுகின்றன

இவற்றைச் செருகுவது பத்திரிகை அலுவலகமன்று. அதிகாலையில் கட்டுப் பிரிக்கும் இடத்தில், பகுதி ஏஜென்ட் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு செருகுவதே வழக்கம். ஆகவே பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை. மாதச் சந்தா வாங்க வரும் நாளில் ஏஜென்டிடமே "எங்கள் வீட்டுப் பேப்பரில் நோட்டீஸ் வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். ஆடி மாதமும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிக் கடைகளின் விளம்பரங்கள் உச்சத்தில் இருக்கும் காலம். அப்போது ஒரு வீட்டுக்காக மட்டும் பிரித்துத் தருவது பேப்பர் போடும் பையனுக்குச் சிரமம் என்பதால், அந்த வாரங்களில் சிறிது பொறுத்துக்கொள்வதே நியாயம் என்பது என் கருத்து.

கேட்டில் செருகிய தாள்களும் ஒட்டிய சீட்டுகளும்

குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி பழுதுபார்ப்பு, வீடு மாற்றித் தருதல், நீட் பயிற்சி மையம் ஆகியவற்றின் சீட்டுகள் இவ்வகை. தொல்லை என்ற அளவில் சிறியவை என்றாலும், ஒரு காரணத்துக்காக இவற்றை அலட்சியம் செய்யக் கூடாது. சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்த ஊர் போனவர்களின் வீட்டுக் கேட்டில் நான்கு நாள் சீட்டுகள் எடுக்கப்படாமல் தொங்கினால், வீட்டில் ஆளில்லை என்பதை அவை தெருவுக்கே அறிவித்துவிடும். ஊருக்குப் போகுமுன் பேப்பரை நிறுத்தச் சொல்வதோடு, காலையில் ஒரு முறை கேட்டைப் பார்த்து எடுத்துவிடும்படி பக்கத்து வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "நோட்டீஸ் போடாதீர்கள்" என்ற பலகையும், கேட்டில் பூட்டுள்ள தபால் பெட்டியும் ஓரளவுக்கு உதவும்.

முகவரியே இல்லாத விளம்பரத் தாளைத் தபால்காரர் கொடுத்தால் அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஒரு பகுதி முழுவதும் பெயர் எழுதாத விளம்பரத்தைச் சேர்ப்பிக்க அஞ்சல் துறையிடமே "டைரக்ட் போஸ்ட்" என்ற கட்டணச் சேவை இருக்கிறது. அவர் தம் வேலையைத்தான் செய்கிறார்.

உங்கள் பெயரிலேயே கடன், அட்டை, காப்பீட்டு விளம்பரங்கள்

உங்கள் முகவரி எங்கிருந்து போனது என்பதைப் பெயர் எழுதியிருக்கும் விதமே காட்டிக்கொடுக்கும். நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்துதான் போடுகிறோம். ஆனால் சில படிவங்களில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே போக முடியாது என்பதால் தந்தை பெயரையோ கணவர் பெயரையோ எழுதிவிடுகிறோம். பிறகு வரும் விளம்பர உறையில் அதே தந்தை பெயர் உங்கள் பெயருக்குப் பின்னால் நீட்டி எழுதப்பட்டிருந்தால், அந்தப் படிவத்தை எங்கே நிரப்பினீர்கள் என்று யோசியுங்கள். கடிதம் எழுத வேண்டியது அந்த இடத்துக்கு. இனி துணிக்கடையிலோ நகைக்கடையிலோ பரிசுக் குலுக்கல் சீட்டு நிரப்பச் சொன்னால் வீட்டு எண்ணையும் தெருவையும் எழுதாமல் விடுவது, பின்னால் பத்துக் கடிதம் எழுதுவதைவிட எளிது.

விளம்பரம் என்றில்லாமல், கேட்காத கடன் அட்டையே உறைக்குள் வந்துவிட்டால் அது வேறு விஷயம். கேட்காமல் கடன் அட்டை வழங்குவதை ரிசர்வ் வங்கி தடை செய்திருக்கிறது. 2022-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, உங்கள் சம்மதமில்லாமல் வழங்கிய அட்டைக்குக் கட்டணம் விதித்தால், அந்தத் தொகையை ரத்து செய்வதோடு அதைப்போல் இரு மடங்கை உங்களுக்கு அபராதமாகவும் வங்கி தர வேண்டும். கேட்டு வாங்கிய அட்டையைக்கூட 30 நாளுக்கு மேல் நீங்கள் இயக்கத்துக்குக் கொண்டுவராமல் இருந்தால், வங்கி ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) மூலம் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். சம்மதம் தராவிட்டால் கட்டணமின்றிக் கணக்கை மூடிவிட வேண்டும். ஆகவே அத்தகைய அட்டை வந்ததும் நீங்கள் செய்யக் கூடாதவை இரண்டு: அட்டையை இயக்கத்துக்குக் கொண்டுவருவதும், "ரத்து செய்து தருகிறேன்" என்று பேசுபவரிடம் கடவுச்சொல்லைச் சொல்வதும். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

பங்கு வைத்திருக்கும் வீட்டில் கனமான ஆண்டறிக்கைகள்

இதைத் தீர்ப்பது சுலபம். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் உங்கள் டீமேட் கணக்கில் மின்னஞ்சல் முகவரியைப் பதிந்துவிட்டால் நிறுவனங்கள் ஆண்டறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பும். காகிதப் பங்குப் பத்திரமாகவே இன்னும் வைத்திருக்கும் பெரியவர்கள், நிறுவனத்தின் பங்குப் பதிவாளருக்கு தொடர்பு விவரங்களைப் பதியும் ஐஎஸ்ஆர்-1 படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். தடிமனான அறிக்கையோடு ஈவுத்தொகை பற்றிய கடிதம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எடைக்குப் போடுங்கள்.

முன்பு குடியிருந்தவருக்கு வரும் கடிதங்கள்

வாடகை வீட்டுக்குப் புதிதாகப் போகிறவர்களை மிக அதிகமாக வருத்துவது இதுதான். பழைய குடித்தனக்காரர் ஆதாரில் முகவரியை மாற்றிவிட்டதாலேயே எல்லா இடத்திலும் மாறிவிட்டது என்று நம்பியிருப்பார்; வங்கியிலும் காப்பீட்டிலும் அவரே தனித்தனியாக மாற்றினால்தான் மாறும். அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போடவும் வேண்டாம், பிரித்துப் படிக்கவும் வேண்டாம். உறையின் மேல் "இந்த முகவரியில் இல்லை, அனுப்புநருக்குத் திருப்புக" என்று எழுதி, தேதி போட்டு, தபால்காரரிடமோ உங்கள் பகுதி அஞ்சலகத்திலோ கொடுத்துவிடுங்கள். மறைக்கக் கூடாதது பின்பக்கத்துத் திருப்பு முகவரி. அடிக்க வேண்டுமானால் முன்பக்கத்து முகவரியின் மேல் ஒற்றைக் கோடு போதும்.

குப்பையில் போட்டால் அனுப்பும் வங்கிக்கு எதுவும் தெரியாது. கடிதம் சேர்ந்துவிட்டது என்றே எண்ணிக்கொண்டு மேலும் அனுப்பும். திரும்பிப் போகும் உறைதான் அவர்களுடைய பதிவில் முகவரி தவறு என்பதைக் காட்டும். இன்னொரு காரணமும் உண்டு. கட்டப்படாத கடனுக்கான கடிதம் உங்கள் வாசலில் அமைதியாகச் சேர்ந்துகொண்டே இருந்தால், அடுத்து வசூல் முகவர் அதே வாசலுக்கு வருவார். அப்படி வந்தால் வாடகை ஒப்பந்தத்தின் நகலைக் காட்டி, அந்த நபர் இங்கே இல்லை என்பதைச் சொல்லி, வங்கிக்கும் அதே நகலோடு கடிதம் எழுதுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடனாளியைக்கூட வசூல் முகவர்கள் அழைத்துத் தொல்லை செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கும்போது, கடனுக்குத் தொடர்பே இல்லாத நீங்கள் எந்த நேரத்திலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர்.

அந்தப் பெயரில் யாருமே உங்கள் வீட்டில் குடியிருந்ததில்லை என்று வீட்டு உரிமையாளர் சொன்னால் அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். அண்ணா நகர் என்ற பெயர் மதுரையிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. இங்கே 625020, அங்கே 600040. கே.கே. நகரும் அப்படியே. குறியீட்டு எண்ணைத் தவறாகவோ பாதியாகவோ எழுதிய கடிதம் ஊர் மாறி வந்திருக்கலாம். பழைய கதவு எண்ணும் புதிய கதவு எண்ணும் ஒரே தெருவில் புழங்குவதால், நான்கு வீடு தள்ளியிருப்பவரின் கடிதம் உங்களிடம் வருவதும் சாதாரணம். கேட்டில் புதிய எண்ணைப் பெரிதாகவும் பழைய எண்ணை அதன் கீழே சிறிதாகவும் எழுதி வைத்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும்.

காலமானவர் பெயரில் வரும் கடிதங்கள்

இந்த உறைகளைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வீட்டில் உள்ளவர்களுக்கு மனம் கனத்துப் போகும். அதனால் பிரிக்காமலே ஒதுக்கி வைப்பதுண்டு. தயவுசெய்து அப்படி ஒதுக்காதீர்கள். ஓராண்டுக் காலத்துக்காவது ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். குடும்பத்துக்கே தெரியாத வைப்புத்தொகை, பாலிசி, பங்கு ஆகியவை இருப்பதை முதலில் சொல்வது பெரும்பாலும் விளம்பரம் போலத் தோன்றும் ஓர் ஆண்டுக் கடிதமாகவே இருக்கும். வங்கியின் பெயர் கிடைத்துவிட்டால், கோரப்படாத வைப்புகளைத் தேடுவதற்கு ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கிய உத்கம் இணையதளத்திலும் தேடிப் பாருங்கள். அதன்பின் மாநகராட்சி வழங்கிய இறப்புச் சான்றிதழின் நகலை இணைத்து, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிக் கடிதம் எழுதினால் கடிதங்கள் நிற்கும். கணக்கை முடித்து நியமனதாரருக்குப் பணம் வழங்கும் வேலையையும் அந்தக் கடிதத்திலேயே தொடங்கிவிடலாம்.

சுவாமி படமும் விபூதியும் வைத்து நன்கொடை கேட்கும் உறை

உறைக்குள் ஒரு வண்ணப் படம், மடித்த காகிதத்தில் விபூதி குங்குமம், சில சமயம் கையில் கட்டும் கயிறு, அதோடு வங்கிக் கணக்கு எண் அச்சிட்ட சீட்டு. வாங்கியவர் பிரசாதத்தைத் தூக்கியெறியவும் மனமில்லாமல், பணம் அனுப்பாமல் வைத்திருக்கவும் கூச்சப்பட்டு, கடைசியில் நூறோ இருநூறோ அனுப்பிவிடுகிறார். பணம் போனதும் கொடுப்பவர் என்று பெயர் பதிவாகிவிடும். பிறகு வரும் உறைகளுக்குக் கணக்கிருக்காது.

கேட்காமல் வந்த பிரசாதத்துக்குக் காணிக்கை கடன் எதுவும் கிடையாது என்பதை மனத்தில் உறுதியாகக் கொள்ளுங்கள். விபூதியைச் செடி மூட்டில் போட்டுவிடலாம். படத்தை மதிப்போடு தனியே மடித்து வேறு காகிதங்களோடு சேர்த்துவிடுவதில் குற்றமில்லை. தெப்பக்குளத்திலோ வைகையிலோ விடுவது நீரைக் கெடுப்பதாகவே முடியும். மீனாட்சியம்மன் கோயிலுக்கோ அழகர் கோவிலுக்கோ கொடுக்க விரும்பினால் கோயில் அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்குங்கள். அனுப்பிய அறக்கட்டளை உண்மையானதுதான் என்று தோன்றினால்கூட, அதன் பதிவு எண்ணையும் வருமான வரி விலக்குச் சான்றையும் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இந்தக் கடிதத்தை நகலெடுத்து 21 பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு நேரும் என்று மிரட்டும் தாள் அச்சமும் தெய்வ பக்தியும் உள்ள மனங்களைப் பிழிவது. அதைப் படித்த இடத்திலேயே கிழித்துப் போட்டு, வீட்டுப் பெரியவர்களின் பயத்தைப் பேசித் தீர்ப்பதே முறை.

கார் பரிசு விழுந்ததாகச் சொல்லும் சுரண்டல் அட்டை

இது வேண்டாத தபால் மட்டுமன்று, நேரடி மோசடி. இணைய விற்பனை நிறுவனம் ஒன்றின் பெயரில், வேறு மாநில முத்திரையோடு, உங்கள் பெயரும் கைப்பேசி எண்ணும் சரியாக எழுதிய உறை வரும். உள்ளே இருக்கும் அட்டையைச் சுரண்டினால் காரோ அதற்கு ஈடான பணமோ தவறாமல் விழும். குறிப்பிட்ட எண்ணுக்கு அழைத்தால் ஜிஎஸ்டி, பதிவுக் கட்டணம் என்று சிறிது சிறிதாகப் பணம் கேட்பார்கள். பரிசைத் தருவதற்கு முன்பணம் கேட்டாலே அது ஏமாற்று. அந்த எண்ணை அழைக்காதீர்கள், அட்டையில் உள்ள கட்டக்குறியை (க்யூஆர் கோடு) கைப்பேசியால் ஸ்கேன் செய்யாதீர்கள். பணம் அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல், அந்த மணி நேரத்துக்குள்ளேயே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுமுன் முடக்கினால்தான் மீட்கும் வாய்ப்பு உண்டு. உறையைத் தூக்கிப் போடாமல் சான்றாக வைத்திருங்கள்.

கேட்காத பார்சலுக்குப் பணம் கட்டச் சொல்லி வரும் ஊழியரிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். வீட்டில் யாரும் வாங்கச் சொல்லவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு மறுத்துவிடுங்கள். "ரத்து செய்ய ஓர் எண் வரும், சொல்லுங்கள்" என்றால் சொல்லக் கூடாது. பணம் கட்டி வாங்கிவிட்ட பிறகு தெரிந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

எடைக்குப் போடுமுன்

பழைய பேப்பர் கடைக்குப் போகும் உறை அங்கிருந்து எங்கும் போகலாம்; கணக்கு எண் அச்சான வங்கிக் கடிதத்தில் சுண்டல் மடித்துக் கொடுப்பதைப் பார்க்க முடிகிறது. பெயர், முகவரி, கணக்கு எண், கட்டக்குறி உள்ள பகுதியைக் கிழித்து, நனைத்துப் பிசைந்து மக்கும் குப்பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள பளபளப்பான தாள் மக்காது. உறையின் கண்ணாடிச் சன்னல் போன்ற பகுதியும் அப்படியே.

சொல்லியும் நிற்கவில்லை என்றால்

வாய்ச்சொல்லையும் தொலைபேசிப் பேச்சையும் நம்பாமல் எழுத்துக்குப் போங்கள். நீளமான கடிதம் வேண்டியதில்லை. கீழே உள்ளது போதும்.

"ஐயா, தங்கள் நிறுவனத்திடமிருந்து இணைப்பில் உள்ள விளம்பரக் கடிதம் என் முகவரிக்கு வந்துள்ளது. இதை நான் கோரவில்லை. என் பெயரையும் முகவரியையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்த நான் சம்மதிக்கவில்லை; முன்பு சம்மதம் அளித்திருந்தால் அதை இத்துடன் திரும்பப் பெறுகிறேன். தங்கள் விளம்பரப் பட்டியலிலிருந்தும், தாங்கள் கொடுத்துள்ள பிற நிறுவனங்களின் பட்டியலிலிருந்தும் என் விவரங்களை நீக்கி, நீக்கியதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

இதோடு உறையின் முன்பக்க நகலை இணையுங்கள். பெயருக்கு மேலே அச்சாகியிருக்கும் குறியீட்டு எண்ணைக் கொண்டுதான் அவர்களால் உங்கள் பதிவைக் கண்டுபிடிக்க முடியும். உங்களுக்குக் கணக்குள்ள வங்கிக்கு எழுதுவதானால், கணக்கு தொடர்பான கடிதங்கள் வழக்கம்போல் வர வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் தேவையானதும் நின்றுவிடக்கூடும். சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையை 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்து படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன என்பதால், சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிடத் தெளிவாகக் கேட்பதே இப்போதைக்குப் பலன் தரும்.

குறை பட்டுவாடாவில்தான், அதாவது திருப்பிக் கொடுத்த கடிதங்களே மீண்டும் வருகின்றன, பக்கத்துத் தெருத் தபால் தொடர்ந்து உங்களிடம் வருகிறது என்றால், முதலில் உங்கள் பகுதி அஞ்சலகத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணோடு மதுரைக் கோட்ட முதுநிலை அஞ்சல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அதற்கு மேல் தென்மண்டல அஞ்சல் துறைத் தலைவர் அலுவலகம் நம் ஊர் பீ.பீ. குளத்திலேயே இருப்பதால், தவறாக வந்த உறைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கொடுப்பதும் மதுரைக்காரர்களுக்குச் சிரமமில்லை.